உங்களுக்குத் தெரியுமா? நிழலிலும் பூக்கும் தரைமூடிச் செடிகள்

கோடையில் பாறைகள் தகிக்கும் திருவண்ணாமலையிலும், ரமணர் 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த கந்தாசிரமத்தின் சுனையோரம் போல, மரநிழலும் ஈரமும் சேர்ந்த இடங்கள் உண்டு. வீடுகளில் அத்தகைய இடம் பெரும்பாலும் கிணற்றடியே. புல் சரியாக வளராத அந்த நிழலில், தரையோடு படர்ந்து மண்ணை மூடி ஈரம் காக்கும் பல்லாண்டுச் செடிகளான தரைமூடிகள் செழித்து வளரும்.

அவற்றுள் முதலில் வைக்கத்தக்கது வல்லாரை. அதன் ஓடுதண்டு, அதாவது தரைமேல் கிடையாக நீளும் தண்டு, ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுப் புதுச் செடியாவதால், சில கணுக்களை நட்டாலே போதும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அதன் நுண்ணிய பூக்கள் இலைகளுக்கு அடியில் மண்ணையொட்டி மலர்வதால், இலையை விலக்கிப் பார்ப்பவருக்கே தென்படும். சேறு நிற்கும் இடத்திற்கு, ஓரளவு வெயிலும் கிடைக்குமானால், வெளிர்நீலமோ வெண்மையோ ஆன பூக்களைத் தரும் நீர்ப்பிரமி ஏற்றது.

அழகில் இவ்விரண்டையும் விஞ்சுவது கச்சோலம். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மணக்கிழங்குச் செடி, அகன்ற இலைகளைத் தரையில் படிய விரித்து, நடுவே ஊதாப் புள்ளியிட்ட வெண்பூக்களை மழைக்காலத்தில் ஈனுகிறது; வறண்ட பருவத்தில் இலைகள் மடிந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு உறங்குவதால், செடி பட்டுவிட்டதென்று தோண்டி எறிந்துவிடக் கூடாது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால் மண்ணைச் சற்று மேடாக்கி நடுவது நலம்.

வல்லாரை மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சும் இயல்புடையது. எனவே சாக்கடை நீர் பாயும் இடத்தில் வளர்ந்ததைச் சமைக்காதீர்கள்.