பாதுகாப்புக் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும்

மின்சாரம் வந்தபின் நம் கிராமங்களில் ஏற்பட்டுள்ள மாறுதலை விரித்துரைக்கத் தேவையில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பாண்டேஜ் துணி நெய்யும் தறிகளும், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் இயந்திரங்களும், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து அடுக்களைகளில் கிரைண்டரும் அதனால்தான் ஓடுகின்றன. ஆயின், தறியும் தையலும் நடைபெறும் வீட்டில் பஞ்சுத் தூசும் துணியும் மண்டிக் கிடக்கும். அங்கே ஒரு தீப்பொறி போதும்.

சுவிட்சு போர்டில் திருகு தளர்ந்திருந்தாலும், ஒயரை எலி கடித்திருந்தாலும், சுவரில் அறைந்த ஆணி ஒயரின் உறையைக் கிழித்திருந்தாலும் மின்சாரம் செல்லும் வழியில் சிறு இடைவெளி உண்டாகிறது. அதைத் தாவிச் செல்லும்போது பொறி பறந்து, சில ஆயிரம் டிகிரி வெப்பம் எழுகிறது. ‘உர்’ என்ற ஓசையும் பிளாஸ்டிக் கருகும் நாற்றமுமே முன்னறிவிப்பு. “பியூஸ் போய்விடுமே” என்று பலர் நம்மிடம் கூறுவதுண்டு. அவ்வாறன்று. தளர்ந்த திருகின் வழியே இஸ்திரிப் பெட்டிக்கு வழக்கமாகச் செல்லும் மின்சாரமே செல்கிறது. அளவு மிகாதபோது பியூஸோ எம்.சி.பி.யோ அதனை அறிய வழியில்லை. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று மட்டுமே பார்க்கிறது. அதிர்ச்சியினின்று உயிரைக் காப்பது அதுவேயாதலின் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டியது. எனினும் இப்பொறி அதன் கண்ணிற் படாது.

மின்னோட்டத்தின் நெளிவைக் கவனித்துப் பொறியை இனங்கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேறு. அமெரிக்க நாட்டின் மின்விதித் தொகுப்பு, 1999 ஆம் ஆண்டுப் பதிப்பில், படுக்கையறைகளுக்கு இதனை 2002 முதல் கட்டாயமாக்கியது. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு, ஏணியின்றியும் பொருள்களை அகற்றாமலும் விரைந்து எட்டக்கூடிய இடத்தில் இது அமையவேண்டும் என்றது. நம் பகுதி வீடுகளில் இக்கருவி இன்னும் பரவவில்லை. ஆனால் இடத்தைப் பற்றிய அவ்விதி மின்கசிவுத் துண்டிப்பானுக்கும் முற்றிலும் பொருந்தும்.

இராஜபாளையம் ஒன்றியத்தில் ஒரு வீட்டைப் பார்வையிட்டோம். துண்டிப்பானைப் பரணுக்கு மேலே பொருத்தி, அதன் முன் துணி மூட்டைகளை அடுக்கியிருந்தனர். முந்திய இரவு அது விழுந்துவிட, கணவர் வெளியூர் சென்றிருந்த நிலையில், அவ்வீட்டம்மாள் இருளில் ஸ்டூலின் மீது ஏறித் தடுமாறி விழுந்திருந்தார். கையில் கட்டு. அதன்பின் அவர் மகன் செய்த காரியந்தான் நம்மைத் திடுக்கிடச் செய்தது: “அடிக்கடி விழுகிறது” என்று துண்டிப்பானையே விலக்கி ஒயரை நேரே இணைத்துவிட்டான்! அடிக்கடி விழுந்தது எதனால் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நனைந்த சுவரில் ஒயர் கசிந்துகொண்டிருந்தது.

ஆகவே மெயின் போர்டு, மழைச்சாரல் படாமல், வாயிலுக்கு உட்புறம், தரையினின்று நாலரை அல்லது ஐந்தடி உயரத்தில் அமைவது நலம். பீரோ, நெல் மூட்டை, கதவின் பின்புறம் ஆகியவை மறைக்கலாகாது. பொறி துண்டிக்கும் பிளக் பாயிண்டை வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: அது தனக்கு அப்பாலுள்ள ஒயரையும் கருவிகளையுமே முழுமையாகக் காக்கும். எனவே மெயின் போர்டிலிருந்து வரும் முதல் பாயிண்டாக அதை வைக்கவேண்டும். கடைசி அறையில் வைத்துப் பயனில்லை.

2024 இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. பூச்சு முடிந்தபின் போர்டை மாற்றுவது வீண் செலவு. சுவர் எழும்பும்போதே பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒயர்மேனையும் வீட்டாரையும் சேர்த்து நிறுத்தி இடத்தைக் குறிக்கச் செய்யலாம். துண்டிப்பானில் ‘டெஸ்ட்’ என்றொரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் மின்சாரம் நிற்கவேண்டும். நிற்காவிடில் கருவியை மாற்றுக. பார்வையிடச் செல்லும் வீடுகளில் இப்பொத்தானை நாம் அழுத்துவதில்லை. வீட்டம்மாளையே, தரையில் நின்றபடி, அழுத்திக் காட்டும்படி கேட்கிறோம்.