வலைப்பக்க ஒப்பனையும் பயனர் பார்வை விருப்பமும்: தமிழ் எழுத்தை முன்வைத்து

முன்னுரை

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் ஓரிக்கையிலும், எங்கும் போலவே, நாற்பது வயதைக் கடந்தோர் வெள்ளெழுத்துக்கு ஆளாகின்றனர். உலாவியில் எழுத்தின் இயல்பளவை அவர்கள் உயர்த்தினாலும் சில வலைப்பக்கங்கள் அதற்கு இசைவதில்லை. அதன் காரணமும் தீர்வும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

புள்ளியும் மேல்விலங்கும்

தமிழில் மெய்யையும் அகரமேறிய உயிர்மெய்யையும் வேறுபடுத்துவது புள்ளியே. வெளிர்சாம்பல் நிறத்தில் அது மங்கினால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல் 2.1 (2018), ஏஏ நிலையில், இயல்பளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டைக் கோருகிறது. வரியுயரத்தைப் பிக்சலில் நிலைப்படுத்தினால், எழுத்து பெரிதாகும்போது மேல்விலங்கு முந்தைய வரியோடு மோதும்.

செயல்முறை

எழுத்தளவைப் பிக்சலில் குறித்தால் பயனரின் தெரிவு புறக்கணிக்கப்படும். ‘ரெம்’ அலகில் குறித்தால் அத்தெரிவுக்கேற்ப எழுத்து வளரும். வரியுயரத்தை 1.5 என அலகின்றிக் குறித்தால் அதுவும் உடன் வளரும். மிகை வேறுபாடு, இருண்ட பின்னணி ஆகிய விருப்பங்களைச் சிஎஸ்எஸ் ஊடக வினவல்கள் கண்டறிந்து, அவற்றுக்குரிய நிறங்களை அமைக்க உதவுகின்றன.

முடிவுரை

இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டுதலின் மூன்றாம் பதிப்பு (2023) மேற்கண்ட ஏஏ நிலையையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. ஆதலின் தமிழ்ப் பக்கங்களைச் சோதிக்கையில் புள்ளி புலப்படுதலையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.