ஒற்றை ராட்சதனும் ஒரு மேசையும்

அறிவியல் புனைகதைப் போர் விளையாட்டுகள் பலவற்றில் படைகள் எல்லாம் சிறு பொம்மைகள். ஆடுபவரே அவற்றுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் நகர்த்திப் பகடை உருட்டுகிறார். கடை அலமாரியில் வைத்து இவற்றை விற்பது கடினம். விதிப் புத்தகத்தின் பருமனே பலரை விரட்டிவிடும். ஆகவே ஆள் சேர்க்கும் இடம் விளையாட்டு மாநாடுதான். 1968-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் தொடங்கிய ஜென் கான் மாநாடு, 2003 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது.

மாநாட்டு மேசைக்கு வாகானது, ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்து 1977-இல் வெளிவந்த ‘ஓகர்’. முதலில் காகிதச் சில்லுகள்தான். உலோகப் பொம்மைகள் பின்னால் வந்தவை. ஒரு பக்கம் ஓகர் எனும், தானே சிந்திக்கும் ராட்சத டாங்கி, ஒன்றே ஒன்று. எதிரே சிறு டாங்கிகளும் காலாட்படையும். ராட்சதனை ஒரே அடியில் சாய்க்க முடியாது. மூன்றாம் வகை ஓகருக்குச் சங்கிலிப்பட்டைப் புள்ளிகள் 45. பதினைந்து போனால் வேகத்தில் ஒரு கட்டம் குறையும். எதிரணியின் கட்டளை நிலையத்தை நோக்கி அது நொண்டிக்கொண்டே வரும்போது, வேடிக்கை பார்க்க நின்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அப்படி உட்காருபவருக்குக் கற்றுத்தருவதற்கு ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் ‘மென் இன் பிளாக்’ என்ற தன்னார்வலர் அணியை வைத்திருந்தது. விதிகளை ஒப்பிப்பதைவிட, வந்தவர் கையில் பகடையைக் கொடுத்துவிடுவது மேல்.

2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் ஓகரின் பெரும்பதிப்புக்கு 9 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது.