நால்வரில் ஒருவர்: ஆஸ்துமாவின் பின்னே ஒளிந்திருக்கும் பூஞ்சை

மழைக்காலம் முடிந்ததும் வீட்டுச் சுவரின் மூலைகளில் கரும்புள்ளிகள் படர்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அலமாரியைத் திறந்தால் பழைய துணிகளிலிருந்து ஒரு முடை வாடை எழும். தோல் செருப்பின்மேல் சாம்பல் நிறப் பூச்சு பூத்திருக்கும். துடைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலோருக்கு அது தூய்மை தொடர்பான சிறு தொல்லை மட்டுமே. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பெரும் பகுதியினருக்கோ அந்தப் பூச்சிலிருந்து காற்றில் கலக்கும் வித்துகள் மூச்சுத் திணறலின் மூல காரணமாகவே இருக்கக்கூடும். அதனை அறியாமல் ஆண்டுக்கணக்கில் மருந்து மாற்றி மருந்து உண்போர் நம்மிடையே உண்டு.

காற்றில் மிதக்கும் வித்துகள்

பூஞ்சைகள் இல்லாத இடம் உலகில் அரிது. மண், உதிர்ந்த இலை, வைக்கோற்போர், சேமித்த தானியம், எருக்குழி, ஈரச்சுவர் என எங்கும் அவை வாழ்கின்றன. இனப்பெருக்கத்துக்காக அவை வெளியிடும் நுண்ணிய வித்துகளை நாம் ஒவ்வொரு நாளும் சுவாசிக்கிறோம். நலமான நுரையீரல் அவற்றைச் சத்தமின்றி அகற்றிவிடுகிறது.

ஒவ்வாமையை உண்டாக்கும் பூஞ்சைகளுள் அல்டெர்னேரியா, கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பெர்ஜில்லஸ் ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் அஸ்பெர்ஜில்லஸ் தனி இடம் பெறுகிறது. 1729ஆம் ஆண்டில் பியர் அந்தோனியோ மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் நுண்ணோக்கியில் இதனைக் கண்டார். தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியை இதன் வடிவம் நினைவூட்டியதால், அக்கருவியின் இலத்தீன் பெயரையே இதற்குச் சூட்டினார். இவ்வினத்தைச் சேர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸின் வித்து, 2 முதல் 3 மைக்ரான் அளவே கொண்டது. ஆகவே மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் ஆழம் வரை எளிதாகச் செல்கிறது. மேலும், மனித உடலின் வெப்பநிலையில் இது செழித்து வளரவல்லது. மற்ற பூஞ்சைகளின் வித்துகள் பெரும்பாலும் வந்து உறுத்திவிட்டுப் போகும். இதுவோ ஆஸ்துமா நோயாளியின் சளியில் தங்கி முளைவிடவும் கூடும்.

எத்தனை பேருக்கு?

சண்டிகரில் உள்ள பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் உலக அளவில் முன்னணியில் உள்ளது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து அந்நிறுவன மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆஸ்துமா நோயாளிகளில் 28 விழுக்காட்டினருக்கு அஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமை இருந்தது. 2023இல் மேலும் விரிவான தரவுகளைக் கொண்டு செய்த தொகுப்பிலும் ஏறத்தாழ 25 விழுக்காடு என்ற விடையே கிடைத்தது. சுருங்கக் கூறின், நால்வரில் ஒருவர்.

இவர்களுள் ஒரு பகுதியினருக்கு அந்த ஒவ்வாமை முற்றி, மூச்சுக்குழாய்களையே சிதைக்கும் நோயாக மாறுகிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.பி.பி.ஏ. என வழங்கப்படும் இந்நோய் 1952இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. முற்கூறிய இரு தொகுப்புகளிலும் நூற்றுக்கு 11 முதல் 13 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

இந்த எண்களை வாசிக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவுகளில் திரட்டப்பட்டவை. எளிதில் கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களே அங்கு மிகுதியாக வருவர். ஆகவே தெருவில் நாம் காணும் ஆஸ்துமா நோயாளிகள் அனைவருக்கும் இவ்விகிதத்தை அப்படியே பொருத்துவது சரியாகாது. இதனைக் கருத்தில் கொண்டு, 2014இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியா முழுமைக்கும் தாழ்வான விகிதத்தையே கையாண்டது. வயது வந்த ஆஸ்துமா நோயாளிகள் 2 கோடியே 76 இலட்சம் பேர் எனவும், அவர்களில் ஏ.பி.பி.ஏ. உள்ளோர் ஏறத்தாழ 13 இலட்சத்து 80 ஆயிரம் பேர் எனவும் அது மதிப்பிட்டது. அதாவது இருபதில் ஒருவர். அடக்கமான இக்கணக்கும் நம் நாட்டில் ஒரு பெருநகரின் மக்கள்தொகைக்கு ஈடானது.

காசநோய் எனத் தவறாக எண்ணப்படும் நோய்

நாட்பட்ட இருமல், சளி, சில வேளைகளில் இரத்தம், இளைப்பு, எக்ஸ்ரே படத்தில் நிழல். இவற்றை ஒருங்கே கண்டால் இந்திய மருத்துவரின் மனத்தில் முதலில் எழுவது காசநோயே. நம் நாட்டில் காசநோய் பரவலாக இருப்பதால் அவ்வெண்ணம் இயல்பானது. ஆனால் ஏ.பி.பி.ஏ. நோயின் அறிகுறிகளும் இவையே. அதனால் இந்நோயாளிகளில் கணிசமானோர் சரியான இடத்தை வந்தடையும் முன்னரே காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் உண்டு முடித்திருப்பதை இந்திய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன.

இடையில் இழக்கும் காலமே இங்கு பெரும் இழப்பு. கவனிக்கப்படாத நோயில் மூச்சுக்குழாய்கள் நிலையாக விரிந்து தளர்ந்துவிடும். அவ்வாறு விரிந்த குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அங்கு சளி தேங்கும். தொற்றுகள் அடிக்கடி வரும்.

எனவே கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் நுரையீரல் மருத்துவரிடம் பூஞ்சை ஒவ்வாமை பற்றி நாமே கேட்பது நன்று:

• இன்ஹேலரை முறையாகவும் தவறாமலும் பயன்படுத்தியும் ஆஸ்துமா கட்டுப்படாதிருத்தல்.
• பழுப்பு நிறத்தில் கெட்டியான சளிக்கட்டிகள் இருமலில் வெளிவருதல்.
• எக்ஸ்ரே படத்தில் நிழல்கள் தோன்றுவதும் மறைவதும் இடம் மாறுவதுமாக இருத்தல்.
• சளியில் காசநோய்க் கிருமி காணப்படாமலேயே காசநோய் மருந்து தரப்பட்டு, அதனால் பயன் இல்லாதிருத்தல்.
• ஸ்டீராய்டு மாத்திரையால் நலமாகி, நிறுத்தியதும் மீண்டும் மூச்சிரைப்பு வருதல்.

ஓர் இரத்தப் பரிசோதனை

முதற்படி எளியது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் உள்ளதா எனக் காண்பதே அது. மில்லி லிட்டருக்கு 0.35 அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒவ்வாமை உண்டு எனப் பொருள். அடுத்து மொத்த ஐ.ஜி.இ. அளவைக் காண்பர். 2024இல் சண்டிகர் மருத்துவர் ரித்தேஷ் அகர்வாலை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, அது 500 அலகும் அதற்கு மேலும் இருந்தால் ஏ.பி.பி.ஏ. என ஐயுற வேண்டும். இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்களின் எண்ணிக்கை, ஐ.ஜி.ஜி. பரிசோதனை, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார்.

ஒவ்வாமை மட்டும் இருந்து நோய் முற்றாதவர்களுக்கு வழக்கமான ஆஸ்துமா மருத்துவமும் மருத்துவரின் கண்காணிப்பும் பெரும்பாலும் போதுமானவை. ஏ.பி.பி.ஏ. உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரையோ, இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தோ ஏறத்தாழ நான்கு மாதங்கள் தரப்படுகிறது. சண்டிகரில் 131 நோயாளிகளிடம் இவ்விரண்டும் ஒப்பிடப்பட்டன. ஸ்டீராய்டு பெற்ற அனைவரிடமும், இட்ராகோனசோல் பெற்றவர்களில் 88 விழுக்காட்டினரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. பக்க விளைவுகளோ இட்ராகோனசோல் பெற்றவர்களிடம் குறைவு. எனினும் இட்ராகோனசோல் சில ஸ்டீராய்டு மருந்துகளின் செறிவை உடலில் உயர்த்தும் இயல்புடையது. ஆகவே இன்ஹேலர் உள்பட நாம் பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் கூறுதல் கட்டாயம். நாமே மருந்துக் கடையில் வாங்கி உண்பதோ, நலம் தெரிந்ததும் நிறுத்துவதோ கூடாது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

வித்துகளே இல்லாத காற்றை உருவாக்க யாராலும் இயலாது. சண்டிகர் ஆய்வு ஒன்றில், ஏ.பி.பி.ஏ. உள்ளவர்களில் கிராமப்புறத்தினர் மிகுதியாக இருந்தனர்; வீட்டுச் சூழலிலோ பிற ஆஸ்துமா நோயாளிகளுக்கும் அவர்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லை. ஆகவே நோய் வந்தவர் தம் வீட்டையோ தம்மையோ பழித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாத் தொல்லையைக் கூட்டுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே தெளிவுறுத்தியுள்ளது. எனவே சில முன்னெச்சரிக்கைகள் பயன் தரும்.

ஈரத்தை நிறுத்துவதே முதல் பணி. கசியும் குழாய், விரிசல் கண்ட மொட்டை மாடி, ஓதம் ஏறும் சுவர் ஆகியவற்றைச் சீர்செய்யாமல் மேலே பெயிண்ட் அடித்தால் பூஞ்சை அதனையும் துளைத்து மீண்டும் தோன்றும். நனைந்த மெத்தை, தரைவிரிப்பு முதலியவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும். குளியலறையிலும் சமையலறையிலும் காற்றுப்போக்கி இயங்கட்டும். வட இந்திய நகரங்களில் வசிப்போர் கோடையில் ஏர் கூலரின் நீரை அடிக்கடி மாற்றி, அதன் புல் தட்டிகளையும் மாற்ற வேண்டும். பூஞ்சை படர்ந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவும் வேலையை ஆஸ்துமா இல்லாத ஒருவர் செய்வது நல்லது. கதிரடிப்பு, வைக்கோல் அள்ளுதல், தானியக் கிடங்கைத் துப்புரவு செய்தல், மட்கிய எருவைக் கிளறுதல் ஆகியவற்றை நோயாளிகள் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாவிடில் என்-95 முகக்கவசம் அணிய வேண்டும். புதிய வீடு வாங்க எண்ணுவோர் அதனை மழைக்காலத்தில் ஒருமுறை பார்வையிட்டால் சுவர்களின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

வாசகர்களுக்கு எழக்கூடிய மூன்று ஐயங்களுக்கும் இங்கு விடை கூறலாம். பூஞ்சை ஒவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பெனிசிலியம் பூஞ்சை ஒவ்வாமையும் பெனிசிலின் மருந்து ஒவ்வாமையும் வெவ்வேறானவை. தொல்லை தருபவை மூச்சின் வழியே செல்லும் வித்துகளே ஆதலால், தயிரையும் இட்லியையும் காளானையும் பொதுவாக விலக்க வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீடு எடுப்போர் ஆஸ்துமா இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்துள்ளது. மறைத்த நோயோ உரிமைக் கோரிக்கையையே வீழ்த்திவிடக்கூடும்.

ஆஸ்துமா உள்ள நால்வரில் மூவருக்கு இப்பரிசோதனையால் தெரியவருவது, தமக்கு அஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமை இல்லை என்ற நிம்மதி. நான்காமவருக்கோ, நுரையீரல் பழுதடையும் முன் கிடைக்கும் வாய்ப்பு. நம் குடும்பத்தில் ஆண்டுக்கணக்கில் இன்ஹேலருடன் போராடுபவர் எவரேனும் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவோம்.