தேக்குத் தோட்டம் காடாகுமா?

லாலாகுடாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ரயில்தான் சோறு போட்டது. அந்த ரயிலுக்கு உடம்பு கொடுத்தது காடு. நிஜாம் ரயில்வேக்காக 1893-இல் தொடங்கிய நம் பணிமனைக்கு வந்த பழைய பெட்டிகளின் சட்டமும் பலகையும் தேக்கு. தண்டவாளத்தின் கீழே கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,500 ஸ்லீப்பர் கட்டைகள். சால், தேக்கு, தேவதாரு என்று. 1955-இல் பெரம்பூரில் இரும்புப் பெட்டி செய்யத் தொடங்கி, பின்னர் கான்கிரீட் கட்டைகளும் வந்த பிறகுதான் அந்தப் பசி அடங்கியது.

வெட்டிய இடத்தில் வெள்ளையர் மறுபடி நட்டார்கள். கப்பல் கட்டத் தேக்கு வேண்டி, 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனோன் துணையுடன் நிலம்பூரில் தோட்டம் போட்டார். பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் தேக்கு வளர்த்தார்; அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சறுக்கி விட்டதால் வந்த பெயர் அது. அதே டாப்சிலிப்பில் கரியன் சோலையும் உண்டு. அது யாரும் நடாத பசுமை மாறாக் காடு. இரண்டும் பச்சைதான். இரண்டும் ஒன்றா?

கணக்குப் பார்ப்போம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. ஒரு கிலோ கரி சேர, மரம் காற்றிலிருந்து சுமார் 3.67 கிலோ கரியமில வாயுவை இழுத்திருக்க வேண்டும். ஆகவே மரம் என்பது வாயுவைப் பூட்டி வைத்த பெட்டகம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனந்த் ஒசூரி, டி.ஆர். சங்கர் ராமன் முதலியோர் செய்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. பசுமை மாறாக் காட்டைவிடத் தேக்கு, யூகலிப்டஸ் தோட்டங்களில் சேர்ந்த கரி 30 முதல் 50 சதவீதம் குறைவு. இலையுதிர் ஈரக் காட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. மழைக்காலத்தில் தோட்டம் 4 முதல் 9 சதவீதம் கூடவே கரியை இழுக்கிறது. ஆனால் வறண்ட மாதங்களில் 29 சதவீதம் வரை பின்தங்குகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் வேகம் காட்டைவிட அதிகமாகச் சரிகிறது.

காரணம் புரியக் கடினமில்லை. கோடையில் தேக்கு மொத்தமும் ஒரே சமயத்தில் இலை உதிர்க்கும். பல இன மரங்கள் இருந்தால் ஒன்று உதிர்க்கையில் மற்றொன்று துளிர்க்கும். வேர்களும் வேறு வேறு ஆழத்தில் நீர் தேடும். ஒரே தூணில் முழுப் பாரத்தையும் எந்தப் பொறியாளரும் ஏற்றுவதில்லை.

தேக்கே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நல்ல தேக்குப் பலகை பல தலைமுறைக்குக் கரியைக் காத்து நிற்கும். மரம் வேண்டுமென்றால் தோட்டம் போடலாம். ஆனால் காட்டை அழித்துத் தோட்டம் போட்டுவிட்டு, "பச்சை குறையவில்லை" என்று கணக்குக் காட்டுவது சரியல்ல.

இது மலைக்கு மட்டும் உரிய பாடமல்ல. 2015-இல் தெலங்கானாவில் ஹரித ஹாரம் தொடங்கிய பின் கோடிக்கணக்கில் கன்றுகள் நடப்பட்டன. சாலையோரம் கோனோகார்பஸ் ஒன்றே வரிசையாக நின்றதையும் பார்த்தோம். குஜராத் அரசு 2023-இல் அந்த மரத்தை நடத் தடை விதித்தது. நம் தக்காண மண்ணுக்கு வேம்பு, புங்கு, நாவல், இலுப்பை, அத்தி, புளி எல்லாம் பழகியவை.

அடுத்த மழைக்குச் சங்கத்தார் கன்று நடும்போது ஒரே இனத்தில் நூறு வாங்காமல், பத்து இனத்தில் பத்துப் பத்தாக வாங்கினால் நல்லது. நட்டபின் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வோம். விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் பிள்ளைகளை டாப்சிலிப்புக்கு அழைத்துச் சென்று, தோட்டத்தையும் சோலையையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். வித்தியாசம் அவர்களுக்கே விளங்கும்.