முயலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? அதற்கு முன் ஒரு ட்ரே வாங்குங்கள்!

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை யாருக்காவது கொடுத்துடு. இல்லைன்னா நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்."

அம்மா இப்படிச் சொன்னது எங்கள் வீட்டு முயல் பஞ்சுவைப் பற்றி. அக்கா மகனின் பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கி வந்தது. குட்டியாக இருந்தவரை எல்லோருக்கும் செல்லம். ஐந்தாவது மாதம் ஆனதும் சோபா, பாய், அயர்ன் பண்ணி வைத்த புடவை என எங்கு பார்த்தாலும் சிறுநீர். ஹால் முழுக்கப் புழுக்கை. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர், "என்னம்மா, மாடியிலிருந்து ஒரே வாடையா வருது?" என்று கேட்டதோடு அம்மாவின் பொறுமை போய்விட்டது. அன்றிரவு மூன்றாம் வகுப்புப் பையன் சாப்பிடாமலே தூங்கினான்.

இன்று பஞ்சுவுக்கு இரண்டரை வயது. அதே வீட்டில்தான் இருக்கிறான், வாடை இல்லை. முயல் வளர்ப்பவர்களும், வளர்க்க நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

மூலையை முயலே தேர்ந்தெடுக்கட்டும்

நம் வீட்டு முயல்களின் மூதாதை ஐரோப்பியக் காட்டு முயல். வளை தோண்டிக் கூட்டமாக வாழும் அந்த முயல்கள், தங்கள் எல்லையைக் காட்டக் குறிப்பிட்ட சில இடங்களில் புழுக்கையைக் குவித்து வைக்கும். வீட்டு முயலுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெரும்பாலும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போகும்.

நாங்கள் செய்த தவறு, நமக்கு வசதியான பால்கனியில் ட்ரேயை வைத்துவிட்டு, பஞ்சுவைத் தூக்கித் தூக்கி அதில் உட்கார வைத்தது. இரண்டு நாள் கவனித்த பிறகுதான், அவன் அடிக்கடி போவது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று தெரிந்தது. ட்ரேயை அங்கே நகர்த்தினோம். பாதிப் பிரச்னை அத்துடன் தீர்ந்தது.

ட்ரேயில் என்ன போடலாம்?

* முயல் உள்ளே உட்கார்ந்து திரும்பும் அளவுக்கு ட்ரே பெரிதாக இருக்க வேண்டும். துணி அலசும் பிளாஸ்டிக் டப்பில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து வைத்தாலே போதும்.

* அடியில் செய்தித்தாள், அதன் மேல் காகித பெல்லட். பூனைகளுக்கு விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வேண்டவே வேண்டாம். முயல் அதைத் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். வாசனை வீசும் பைன், தேவதாரு மரச்சீவல்களும் கூடாது.

* முயலுக்குச் சாப்பிட்டுக்கொண்டே புழுக்கை போடும் பழக்கம் உண்டு. எனவே 'ஹே' என்று கடைகளில் விற்கும் உலர் புல்லை ட்ரேயின் ஒரு ஓரத்திலேயே வையுங்கள். சாப்பிட வரும் முயல் அங்கேயே வேலையை முடித்துவிடும்.

முதல் சில வாரங்கள்

முதலில் வீடு முழுக்கத் திறந்து விடாதீர்கள். கூண்டும் ட்ரேயும் இருக்கும் சின்ன இடம் போதும். அங்கே சரியாகப் போக ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைக் கூட்டுங்கள்.

வெளியே போய்விட்டால், துடைத்த காகிதத்தையும் புழுக்கையையும் ட்ரேயில் போடுங்கள். அந்த வாசனைதான் முயலுக்கு வழிகாட்டி. தரையை வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். முயலின் சிறுநீரில் கால்சியம் அதிகம் என்பதால் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். வினிகர் அதைக் கரைத்துவிடும்.

அடிப்பதும், மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்ப்பதும் வேண்டாம். எதற்கு அடி வாங்கினோம் என்று அதற்குப் புரியாது. உங்களைக் கண்டாலே ஓடி ஒளியத்தான் கற்றுக்கொள்ளும்.

கருத்தடை ஆபரேஷன் அவசியமா?

நான்கு முதல் ஆறு மாதங்களில் முயல் பருவத்துக்கு வரும். அப்போது, "இது என் இடம்" என்று காட்டச் சிறுநீரைத் தெளிக்கும். பஞ்சுவும் அதைத்தான் செய்திருக்கிறான். முயல்களுக்குச் சிகிச்சை அளித்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் ஆபரேஷன் செய்தோம். சில வாரங்களில் தெளிப்பது நின்றது. பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த ஆபரேஷன் அவற்றுக்கு இன்னும் முக்கியம். ஒரு விஷயம், முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாய், பூனையைப் போல ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடத் தேவையில்லை.

பயப்பட வேண்டாதவை, பயப்பட வேண்டியவை

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் வந்தால் உடனே பதற வேண்டாம். சாப்பிடும் கீரை, காய்களாலும் நிறம் மாறும். ரத்தமோ என்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திராட்சைக் கொத்து போன்ற மென்மையான கழிவை முயல் தானே தின்பதும் இயல்புதான். அதிலுள்ள சத்து அதற்குத் தேவை.

ஆனால், அரை நாளாக முயல் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். குடல் இயக்கம் நின்றுபோவது முயலின் உயிரைப் பறித்துவிடும்.

நன்றாகப் பழகிய முயல் திடீரென ட்ரேக்கு வெளியே போவதும் ஓர் எச்சரிக்கை. போன மார்கழியில் பஞ்சு மூன்று நாள் தொடர்ந்து சமையலறை வாசலில் சிறுநீர் கழித்தான். நான் குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். அம்மாதான், "அவன் அப்படிப் போறவன் இல்லடி. ஏதோ வலிக்குது போல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார். எக்ஸ்ரே எடுத்ததில், சிறுநீர்ப்பையில் கால்சியம் மணல் போலச் சேர்ந்திருந்தது தெரிந்தது. சீக்கிரமே வந்ததால் மருந்திலேயே சரியானது.

முயல் பத்து வருடம்கூட வாழும். பஞ்சு வளர்ந்து முடிப்பதற்குள் எங்கள் மூன்றாம் வகுப்புப் பையன் காலேஜுக்கே போய்விடலாம். இப்போதைக்கு, தினமும் காலையில் பஞ்சுவின் ட்ரேயைச் சுத்தம் செய்வது யார் தெரியுமா? அம்மாதான்!