பிரான்சு நாட்டுக்குப் புறப்படும் பெற்றோருக்கு

வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தின் ஆண்டுப் பெருவிழா முடிந்ததும், பங்கு மக்களுள் சிலர் கடவுச்சீட்டும் கையுமாக நம்மை நாடி வருவது வழக்கம். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட சொல்தா குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசின் புறநகர்களில் வாழ்கின்றனர். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் பெற்றோரை அவர்கள் அழைக்கின்றனர். “மகன் வரச் சொல்லுகிறான், சாமி, எங்கெங்கே போய்ப் பார்ப்பது?” என்பதே கேள்வி.

இக்கேள்வி கேட்கப்படுவதே நல்லது. ஏனெனில் மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு, அடுக்குமாடி வீட்டின் சன்னலையும் அருகிலுள்ள அங்காடியையும் தவிர வேறொன்றும் காணாமல் திரும்பிய தாய்மார்களை நாம் அறிவோம். மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குச் சென்றுவிடுவர். பேரக்குழந்தையோடு தனித்திருக்கும் பாட்டிக்கு மொழியும் தெரியாது, வழியும் தெரியாது. குளிர்காலமாயின் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். ஆகையால் டிசம்பர், சனவரி மாதங்களைத் தவிர்த்து, மே முதல் செப்டம்பருக்குள் செல்லுமாறே நாம் கூறுவோம். பத்து நாட்களில் எட்டு நாடுகள் காட்டும் பயணக் குழுக்களையும் நாம் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் சென்றோர் நினைவில் நிற்பது பெரும்பாலும் பேருந்தின் இருக்கையே.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மகன் வீட்டில் தங்குவோருக்கு அவ்வூர் ‘மேரி’ தரும் வரவேற்புச் சான்று வேண்டும். (மேரி என்பது நகராட்சி மன்றம் என்று புதுச்சேரிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை, நம் கடற்கரையில் 2014-இல் இடிந்து வீழ்ந்து மீண்டும் எழுப்பப்பட்டதும் ஒரு மேரியே.) குறுகிய கால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம். மூட்டை கட்டும்போது நெய், பால்கோவா, இறைச்சிப் பண்டங்களை எடுத்துவிடுங்கள், அவற்றுக்கு அனுமதியில்லை. கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் தக்க சான்றிதழின்றிச் செல்லா. தேங்காய்க்குத் தடையில்லை.

முதலில் லூர்து. பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக இரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புவோர் இரவு ஒன்பது மணி மெழுகுவர்த்திப் பவனியை இழந்துவிடுவர். கெபியின் மேல் எழுந்து நிற்கும் கோபுர ஆலயம் 1876-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதன் சாயலில் எழுந்த நம் வில்லியனூர் ஆலயம் 1877-இல் திறக்கப்பட்டது. நம் திருக்குளத்தை எண்ணி அங்கே குளம் தேட வேண்டாம்; அங்கே ஓடுவது காவ் என்னும் ஆறு. ஊற்றுநீரைக் குழாய்களில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். காசு வெறும் குப்பிக்குத்தான்.

கடைத்தெருவில் நேரத்தைச் செலவிடாமல், ‘கஷோ’ எனப்படும் பழைய சிறை அறைக்குச் செல்லுங்கள். பிழைப்பற்றுப்போன மாவு ஆலைக்காரர் ஒருவர், மனைவியோடும் நான்கு மக்களோடும் அந்த ஒற்றை அறையில்தான் குடியிருந்தார். 1858 பெப்ருவரி 11-ஆம் நாள் விறகு பொறுக்கப் புறப்பட்ட அவருடைய மூத்த மகளே பெர்நதெத். கூரைவீட்டில் பிள்ளைகளை வளர்த்த நம் தாய்மார்களுக்கு அந்த அறையில் எவரும் எதுவும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பாரிசில் எல்லாரும் இரும்புக் கோபுரத்தைக் காட்டுவர், பார்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் தீப்பற்றிய நோத்ர்தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது; நுழைவுக்குக் கட்டணமில்லை. மோன்மார்த்ரு குன்றின் திரு இருதய ஆலயத்துக்கு முழங்கால் வலியுள்ளோர் படியேற வேண்டாம். இழுவை வண்டி உண்டு. குழந்தை தெரேசம்மாளின் லிசியே நகருக்கும் ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

ஆனால் நாம் வற்புறுத்திச் சொல்வது பாக் தெருவை. 140-ஆம் எண், 1830-இல் கத்தரீன் லபூரே காட்சி கண்ட அற்புதப் பதக்க மாதா சிற்றாலயம். நம்மவர் அங்கே தவறாமல் செல்கின்றனர். அதே தெருவில் சில அடிகள் தள்ளி 128-ஆம் எண்ணில் இருப்பது பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் தலைமை இல்லம். அதன் வாயிலைக் கடந்தே செல்லும் நம்மவர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. இது நமக்கு வருத்தமே. 1776 முதல் புதுச்சேரி மிஷனை நடத்தியவர்கள் அச்சபையினர். 1844-இல் இங்கே கன்னியர் சபையொன்றைத் தொடங்கியவரும், முசே சுவாமியோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதியை ஆக்கியவருமான துப்புய் சுவாமி அச்சபைக் குருவே. புறப்படும் நாளில் உற்றாரும் தோழரும் வரிசையாக வந்து அந்த இளங்குருக்களின் பாதங்களை முத்தமிடுவார்களாம். அக்காட்சியைத் தீட்டிய 1868-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றும் உண்டு. பலர் திரும்பவேயில்லை, அவர்களுடைய கல்லறைகள் நம் மண்ணில் உள்ளன. அவர்களை வழியனுப்பிய தாய்மார்கள் மூன்று மாத விசாவில் வந்து மகனைப் பார்த்துப் போனவர்கள் அல்லர்.

திரும்பும்போது லூர்துத் தண்ணீரைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பியை வாங்கி எறிந்துவிடுவார்கள். சேலையில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். ஊரில் அதற்காக எத்தனை வீட்டார் காத்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.